மூன்றாவது பூச்சு

நஸீமிடம் வாங்கிய சக்கரங்கள் இரண்டும்
கார்பன். தட்டினால்
காலி டப்பா போலச் சத்தம்.
என்ன விலையென்று வீட்டில் சொல்லவில்லை.

டயர்கள் அவன் ஒட்டியபடியே இருந்தன.
இரண்டு கட்டைவிரலையும் வைத்துப்
பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தேன்.
பின்சக்கரம் அசையவில்லை.
காற்றை இறக்கியதும் முன்சக்கரத்தில்
வால்வுக்கு நேரெதிரே ஒரு சாண் நீளம்
நேந்திரம்பழத் தோலாய் உரிந்து வந்தது.

போன் போட்டேன்.
"அதுலதான் மகாபலிபுரம் ரேஸ் ஓட்டினேன்,
ஒட்டித்தானே இருந்துச்சு?"
காற்று, நஸீம்.
நூற்றிருபது பி.எஸ்.ஐ. காற்று
உன் டயரை இறுக்கிப் பிடித்திருந்தது.
பசை சும்மா கூட வந்தது.

பாரிமுனையில் பாரஸ்மல் கடை.
"எதை எதோட ஒட்டணும்?"
கார்பன்மேல் பருத்தி, என்றேன்.
"டயருன்னீங்களே?"
அடிவயிற்றில் பருத்திப்பட்டை உண்டு என்று
காட்டினேன். தடவிப் பார்த்தார்.
செருப்புக்குப் போடும் மஞ்சள் பசையை நகர்த்தினார்.
பிறகு காசிமேட்டுக்காரர்கள்
படகுக்கு வாங்கும் ஒன்றை.
"ஒட்டினா ஒட்டினதுதான், பிரிக்கவே முடியாது."

அதுதான் சிக்கல்.
என்றைக்காவது பஞ்சராகும்.
அன்றைக்கு நடுரோட்டில் நின்று
கையால் கழற்றவும் வேண்டும்.
வளைவில் விடக்கூடாது,
கேட்டால் விடவேண்டும்.
இப்படி ஒரு பசை இருக்கா என்றேன்.
மனுஷாள்லயே இல்லையே, என்று சிரித்துவிட்டு
அடுத்த ஆளுக்கு ஃபெவிகால் எடுக்கப் போனார்.

வீட்டில் கூரியரில் வந்த மூன்று இருந்தன.
இத்தாலி டின், ஜெர்மன் டியூப்,
இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்.

டேப் பத்து நிமிஷ வேலை.
டேப்பின்மேல் தப்பில்லை,
எனக்குத்தான் தூக்கம் வராது.
டின் பழகியது. அலுமினிய வளையத்தில்
நாலு வருஷம் ஏமாற்றாதது.
ஆனால் ஈ.சி.ஆரில் பிரேக் என்பது
மாட்டுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும்.
அடுத்த மாதம் ஏலகிரி.
பதினான்கு கொண்டை ஊசி,
இறங்கும்போது விரல் பிரேக்கிலேயே இருக்கும்.
கார்பன் சூட்டை வெளியே விடத் தெரியாதது,
உள்ளேயே வைத்திருந்து
பசையிடம் கொடுத்துவிடும்.

டியூபைத் திறந்தேன்.

பழைய பசையைத் துடைக்கவே சனிக்கிழமை போனது.
நஸீமின் ஒரு வருஷம்
பழுப்புத் திரியாய் உருண்டு
தினத்தந்தியில் விழுந்தது.
ஃபிலோமினா ஜன்னலைத் திறந்துவைத்து
"மாடிவீட்டுக்காரங்க போலீஸ்ல சொல்லப்போறாங்க" என்றாள்.

டயருக்கு இரண்டு பூச்சு.
வளையத்துக்கு முதல் பூச்சு, இரவெல்லாம்.
ஐப்பசி ஈரத்தில் காய்வேனா என்றது.
இரண்டாவதில் ஒரு கொசு வந்து உட்கார்ந்து
அங்கேயே நின்றுவிட்டது.
இடுக்கியால் எடுத்தேன். ஒரு இறக்கை வரவில்லை.
அதன்மேல்தான் மூன்றாவது.

ஞாயிறு இரவு எட்டு மணி.
வால்வை ஓட்டையில் விட்டு,
சக்கரத்தை நெஞ்சோடு சாய்த்து,
இரண்டு பக்கமும் இழுத்து இழுத்து இறங்கி,
கடைசி நாலு அங்குலத்தில்
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்.
ஏறிவிட்டது. கோணல் இரண்டு மில்லிமீட்டர்.
நகர்த்த நேரமிருந்தது. நகர்த்தினேன்.

திங்கள் காலை, அம்பத்தூர்.
வருகைப் பதிவு எந்திரத்தில் விரல் வைத்தேன்.
மீண்டும் முயற்சிக்கவும்.
வலது கட்டைவிரல். இடது. ஆள்காட்டி.
ரேகைப் பள்ளமெல்லாம்
ஜெர்மன் பசை நிரம்பிக் கிடந்தது.
பின்னால் வரிசை இருமியது.
வெற்றிச்செல்வன் ரெஜிஸ்டரை நீட்டினார்.
பெயர். நேரம் 9.07.
காரணம் என்ற கட்டத்தில்
பசை என்று எழுதினேன்.

இரவு எட்டுக்குத்தான் இருபத்துநாலு மணிநேரம்.
அதுவரை முன்சக்கரத்தைத் தொடாதே என்று
ஃபிலோமினாவுக்கு மெசேஜ் அனுப்பினேன்.
பதில் உடனே வந்தது:
"ஒரே ஒரு தடவை தள்ளிப் பாத்தேன்டி.
நகரல."